நொய்யலின் இரு கரைகள்: சின்னமலையும் கொங்கின் கும்பினி எதிர்ப்பும்

வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஒன்றுகூடி நொய்யலாகின்றன. தொண்டாமுத்தூர் வட்டாரத்துப் பாக்குத் தோப்புகளையும் வாழைத் தோட்டங்களையும் வளர்த்து, சித்திரைச்சாவடி அணைக்கட்டில் ஒரு பங்கை வாய்க்காலுக்கு விட்டு, பேரூர்ப் படித்துறையைத் தொட்டு ஆறு கிழக்கே போகிறது. திருப்பூர் தாண்டிய பிறகு அதற்கு வடக்கே சென்னிமலை, தெற்கே சிவன்மலை. அந்த இரண்டு மலைகளுக்கும் இடையில்தான், மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தை ஓர் இளைஞர் மறித்துப் பறித்தார் என்று கொங்கில் வழிவழியாகச் சொல்கிறார்கள். பறித்தது யார் என்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை என்று சொல்லுங்கள் எனப் பதில் கொடுத்து அனுப்பினாராம். தீர்த்தகிரி என்ற இயற்பெயர் பின்னுக்குப் போய்ச் சின்னமலை என்ற பெயர் நிலைத்த கதை இது.

மேடைகளில் இந்தக் கதையை ஆரவாரத்தோடு சொல்வார்கள். அடுத்த மூச்சிலேயே, அவர் திப்பு சுல்தானோடு சேர்ந்து, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியான கும்பினியை எதிர்த்தார் என்பார்கள். மைசூரின் வரியைப் பறித்தவர் மைசூரின் படையில் ஏன் சேர்ந்தார் என்று யாரும் நின்று கேட்பதில்லை. இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் சின்னமலை வாளேந்திய சிலையாக மட்டும் நிற்பார். கேட்டால், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரிக்கரை வரை பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி நாற்பது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதே நம் முன் விரியும். அவர் தனி வீரர் அல்லர்; பல சாதிகளும் இரண்டு மதங்களும் மூன்று மொழிகளும் கலந்த ஒரு பெரிய எதிர்ப்பின் கடைசிக் கண்ணிகளில் ஒருவர். அவரை ஒரு கூட்டத்தின், ஒரு சாதியின் சொத்தாகச் சுருக்கியது நம் காலம் செய்த அநீதி. இக்கட்டுரை அதைத்தான் சொல்ல வருகிறது.

முதலில் இடம். மேற்குத் தொடர்ச்சி மலை தமிழகத்தின் மேற்கே சுவர்போல் நீளும்போது, கோவைக்கு மேற்கே மட்டும் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடுகிறது. மலபார்க் கரைக்கும் சோழ மண்டலக் கரைக்கும் இடையில் பீரங்கி வண்டிகள் சிரமமின்றிப் போகக்கூடிய பாதை அது. மைசூருக்குக் கணவாய் தேவை, ஏனென்றால் மலபார் அதன் கையில் இருந்தது. கும்பினிக்கும் தேவை, ஏனென்றால் திருச்சியிலிருந்து மேற்குக் கரைக்குப் படை நடத்த வேறு நல்ல வழி இல்லை. ஆகவே கோவையும் அதைச் சுற்றிய ஊர்களும் இரண்டு பேரரசுகளின் காலடியில் மாறி மாறி மிதிபட்டன.

1768இல் கும்பினிப் படை கோவையைப் பிடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஐதர் அலி மீட்டார். 1783இல் கர்னல் ஃபுல்லர்டன் தாராபுரம், பாலக்காடு, கோவை என்று வரிசையாகக் கைப்பற்றினார். 1784 மார்ச்சில் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கைப்படி எல்லாம் திரும்பப் போனது. 1790இல் ஜெனரல் மெடோஸ் மீண்டும் பிடித்தார். மறு ஆண்டு திப்புவின் படை கோவைக் கோட்டையை முற்றுகையிட்டது. சால்மர்ஸ் என்ற லெப்டினன்ட் சில மாதங்கள் தாக்குப்பிடித்து, 1791 நவம்பரில் சரணடைந்தார். ஒரு தலைமுறைக்குள் இத்தனை கைமாற்றம். ஒவ்வொரு படையும் வந்தபோது உழவர் தானியம் கொடுத்தார், மாடு கொடுத்தார், பிறகு தண்டலுக்கு வந்தவரிடம் வரியும் கொடுத்தார். பிரித்தானியப் படை வரலாறுகளில் கோவை முற்றுகைக்குப் பல பக்கங்கள் உண்டு. அந்தத் தானியம் எந்தக் களத்திலிருந்து போனது என்பதற்கு அவற்றில் இடமில்லை.

இந்தக் கொந்தளிப்பினூடே வளர்ந்தவர் தீர்த்தகிரி. 1756 ஏப்ரல் 17, காங்கயத்தை அடுத்த மேலப்பாளையம் என்று அவர் பிறப்பைக் குறிக்கிறார்கள். பயிரன் கூட்டம் என்ற குலம்; பழையகோட்டைப் பட்டக்காரர் வழி. பட்டக்காரர் என்பவர் முடிசூடிய மன்னர் அல்லர். ஊர்களின் வரியைத் திரட்டி மேலே செலுத்துவது, வழக்கு தீர்ப்பது, கோயில் மரியாதை பெறுவது, தேவைப்படும்போது ஆள் திரட்டிப் படையோடு போவது ஆகியவை அவருடைய உரிமையும் கடமையும். மேலே மதுரை நாயக்கர் இருந்தாலும் மைசூர் உடையார் இருந்தாலும் கீழே இந்த அடுக்கு அசையாமல் இருந்தது. அசைக்கத் தொடங்கியவர்கள் ஐதரும் திப்புவும். பாளையக்காரர்களையும் பட்டக்காரர்களையும் ஒதுக்கி, அமில்தார் என்ற அரசு அதிகாரி வழியாக நேரே வரி வாங்க அவர்கள் முயன்றார்கள். சின்னமலை மைசூரின் வரிப்பணத்தை மறித்த கதைக்கு அடியில் இந்தப் பூசல் இருக்கிறது. வரிப்பணத்தைத் தொடும் உரிமை யாருடையது என்பதே அங்கே நடந்த வழக்கு.

கதை திரும்பும் இடம் 1792. மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி நாட்டில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடு கட்ட ஒப்புக்கொண்டார். அது அடையும்வரை இரண்டு மகன்களைப் பணயமாகக் கொடுத்தார். பாரா மகாலும் சேலமும் திண்டுக்கல்லும் மலபாரும் கும்பினிக்குப் போயின. கோவை மட்டும் மைசூரோடு நின்றது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இதன் பொருள் தெரியும்: வடகிழக்கே காவிரிக்கு அக்கரையில் சங்ககிரி, கும்பினி வசம். தெற்கே திண்டுக்கல், கும்பினி வசம். மேற்கே கணவாயைத் தாண்டினால் மலபார், அதுவும் கும்பினி வசம். நடுவில் அகப்பட்டது கொங்கு. ஈரோட்டிலும் அறச்சலூரிலும் இருந்தவர்களுக்குக் காவிரி ஏழு ஆண்டுகள் எல்லைக்கோடாகவே இருந்தது. அக்கரையில் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களான தாமஸ் மன்றோ, மக்லவுட் ஆகியோரும் நிலத்தைச் சங்கிலி பிடித்து அளந்து, ஒவ்வோர் உழவரிடமும் தனித்தனியே தீர்வை விதித்துக்கொண்டிருந்தார்கள். ரயத்துவாரி என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்த முறையில் பட்டக்காரருக்கு இடமே இல்லை. திப்புவின் அமில்தாரோடு சண்டை போடலாம், பேரம் பேசலாம். நில அளவைச் சங்கிலியோடு எப்படிப் பேரம் பேசுவது?

சின்னமலை மைசூர்ப் பக்கம் சாய்ந்ததை இந்த ஏழு ஆண்டுகளின் பின்னணியில் வைத்தால் புரிகிறது. பாதி நாட்டை இழந்த திப்புவுக்கு, எஞ்சிய கொங்கில் ஆள்பலம் உள்ளவர்களின் நட்பு தேவைப்பட்டது. அக்கரையில் நடப்பதைப் பார்த்த கொங்குத் தலைவர்களுக்கு, எந்த எதிரி அதிக ஆபத்தானவர் என்பது தெளிவாகியிருக்கும். இது என் ஊகம். ஆனால் வேறு எந்த விளக்கமும் இந்த அளவுக்குக் காலத்தோடும் இடத்தோடும் பொருந்தவில்லை. 1799இல் மழவல்லியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் கொங்குப் படை நின்றது என்கிறது மரபு. சின்னமலையின் தோழர் கருப்ப சேர்வையைப் பிரெஞ்சு உதவி தேடும் தூதில் சேர்த்தும் சொல்வதுண்டு. அந்தக் காலத்தில் பிரெஞ்சு நம்பிக்கை வெறும் கனவாக இருக்கவில்லை. எகிப்தில் இறங்கியிருந்த நெப்போலியன் 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து திப்புவுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கோட்டை வாசலருகே பிணங்களுக்கிடையில் திப்புவின் உடல் கிடந்தது. கொங்கு முழுவதும் கும்பினிக்கு வந்து சேர்ந்தது.

கும்பினி முதலில் செய்த காரியங்களில் ஒன்று, புதிய நிலத்தை நொய்யலை வைத்து இரண்டாகப் பிரித்தது. ஆற்றுக்கு வடக்கே மக்லவுட் கலெக்டர். தெற்கே திண்டுக்கல் கலெக்டர் ஹர்டிஸ். தொண்டாமுத்தூரும் பேரூரும் வடகரை என்பதால் மக்லவுட்டின் பங்கு. சின்னமலை பிறந்த காங்கயம் தென்கரை. அவர் கோட்டை கட்டிய ஓடாநிலையோ அறச்சலூரை ஒட்டிய வடகரை. அவருடைய ஆட்களும் உறவுகளும் இரு கரையிலும் இருந்தார்கள். அதிகாரம் மட்டும் இரண்டு கச்சேரிகளுக்குப் பிரிந்தது. ஆற்றைக் கடந்தால் வேறொரு துரையின் எல்லை என்ற நிலையைத் தலைமறைவாக இயங்கிய ஒருவர் பயன்படுத்தாமல் இருந்திருப்பாரா?

அடுத்த ஆண்டு அக்டோபர் கடைசியில் இந்த நாட்டைக் குறுக்கே கடந்தார் பிரான்சிஸ் புக்கானன். மைசூரிடமிருந்து கிடைத்த நிலங்களின் பயிர், தொழில், வரி எல்லாவற்றையும் எழுதித் தர கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பிய மருத்துவர் அவர். கோவையில் அப்போது இரண்டாயிரம் வீடுகள் இருந்தன என்றும் ஐதர் காலத்தில் இருந்ததில் அது பாதிகூட இல்லை என்றும் எழுதுகிறார். நொய்யலின் அணைகளையும் வாய்க்கால்களையும் பார்க்கிறார். பேரூர்க் கோயிலுக்குப் போய், ஐதர் காலத்தில் அதற்கு நிலம் இருந்ததையும் திப்பு காலத்தில் அது சேதப்படாமல் விடப்பட்டதையும் குறித்துவைக்கிறார். பயிர் விவரங்களிலும் வீட்டுக் கணக்கிலும் அத்தனை கவனம் செலுத்திய அந்த மனிதர் வருவதற்கு ஐந்து மாதம் முன்புதான் கோவையில் தூக்குமரங்கள் நின்றன.

1800 ஜூன் 3. தமிழக வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறாத நாள். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவின் ஆயிரக்கணக்கான வீரர்கள் வேலையிழந்து சிதறினார்கள். அங்கே சிறையிலிருந்து வெளியேறிய தூந்தாஜி வாக், கன்னட நாட்டின் வடபகுதியில் பெரும்படை திரட்டி, கும்பினித் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியை ஓட ஓட அலையவிட்டார். தெற்கே விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர், சிவகங்கை மருது சகோதரர்கள், மேற்கே மலபாரில் பழசி ராஜா. இவர்களுக்கிடையே தூதர்கள் போய்வந்தார்கள். பேராசிரியர் கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூல், கும்பினி ஆவணங்களை வைத்தே இந்த வலையைப் படிப்படியாக விரித்துக் காட்டியது. கோவையில் இருந்த கும்பினிப் படையை ஒழித்துவிட்டால் கணவாய் அடைபடும், கிழக்கும் மேற்கும் துண்டிக்கப்படும், தூந்தாஜியின் குதிரைகள் தெற்கே இறங்க வழி பிறக்கும் என்பது திட்டம். அதற்கு அவர்கள் தேர்ந்த நாள் மொகரம் பத்தாம் நாள். பஞ்சா ஊர்வலத்தின் கூட்டத்தோடு கூட்டமாக ஆயுதங்களும் ஆட்களும் நகருக்குள் வரலாம். கும்பினிப் படையிலிருந்த முஸ்லிம் சிப்பாய்களும் விழாவில் இருப்பார்கள்.

இந்தத் தேர்வைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விருப்பாட்சியில் கூடித் திட்டமிட்டவர்களில் நாயக்கர்கள் இருந்தார்கள், கவுண்டர்கள் இருந்தார்கள், கான்-இ-ஜகான் கான் போன்ற மைசூர்ப் படைத்தலைவர்கள் இருந்தார்கள். தெலுங்கும் தமிழும் தக்காண உருதும் ஒரே அவையில் பேசப்பட்டிருக்கும். ஒரு இஸ்லாமிய விழா நாளைத் தங்கள் எல்லோருக்கும் பொதுவான நாளாக அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சின்னமலையின் பெயரைக் கொங்கு வரலாற்றை எழுதியவர்கள் இந்த வளையத்துக்குள் வைத்தே வாசிக்கிறார்கள். அவர் நின்ற அரசியல் இதுதான்.

திட்டம் தோற்றது. செய்தி முன்கூட்டியே கசிந்தது. வரவேண்டிய உதவிகள் வருவதற்கு முன் மோதல் வெடித்தது. கும்பினிப் படை விழிப்போடு இருந்தது. இராணுவ விசாரணை விரைவாக முடிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் கோவையிலும் தாராபுரம் முதலிய இடங்களிலும் தூக்கிலிடப்பட்டார்கள். செப்டம்பர் 10 அன்று கோனகல்லில் தூந்தாஜி வாக் கொல்லப்பட்டார். 1801இல் கோபால நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலேறினார். அவ்வாண்டு ஜூன் 16 அன்று சின்ன மருது திருச்சியில் ஒட்டச் செய்த பிரகடனம் எல்லாச் சாதியாரையும் ஒன்றுசேர அழைத்தது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். ஒவ்வொரு விளக்காக அணைந்தபின் கொங்கில் சின்னமலையும் வயநாட்டுக் காட்டில் பழசி ராஜாவும் எஞ்சினார்கள்.

ஓடாநிலை வாழ்வைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வாய்மொழிச் செய்திகள். ஈரோட்டுப் புலவர் செ. இராசு போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் இவற்றைத் திரட்டியிராவிட்டால் பாதிக்குமேல் அழிந்திருக்கும். மரபு மூன்று போர்களைச் சொல்கிறது: 1801இல் காவிரிக்கரை, 1802இல் ஓடாநிலை, 1804இல் அறச்சலூர். மாக்ஸ்வெல் என்ற கும்பினித் தளபதியைச் சின்னமலை கொன்றதாக ஒரு வடிவம் உண்டு. அந்தக் காலத்தில் பேர்பெற்ற பேட்ரிக் மாக்ஸ்வெல் என்ற லெப்டினன்ட் கர்னல், 1803 செப்டம்பர் 23 அன்று மராத்தியரோடு நடந்த அசாயேப் போரில் இறந்தவர். இருவரையும் ஒருவர் என்று எடுத்துக்கொண்டால் வாய்மொழி தவறுகிறது. வேறொரு மாக்ஸ்வெல் என்றால் ஆவணத்தில் தேட வேண்டும். இதற்காக முழு மரபையும் கட்டுக்கதை என்று தள்ளுவது சோம்பல். கும்பினி பீரங்கிகளோடு வந்து ஓடாநிலைக் கோட்டையைத் தரைமட்டமாக்கியதும், அதற்கு முன்பே அவர் வெளியேறிவிட்டதும், பழனி மலைப்பக்கத்தில் கருமலையில் பதுங்கியிருந்தபோது சமையல்காரர் காட்டிக்கொடுத்ததும் எல்லா வடிவங்களிலும் மாறாமல் வருகின்றன. வாய்மொழியில் பெயர்கள் குழம்பும், ஆண்டுகள் நகரும். நிகழ்ச்சிகளின் எலும்புக்கூடு அவ்வளவு எளிதில் மாறாது.

இந்தக் கடைசி மாதங்களில் கச்சேரியில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. நொய்யலின் இரு கரைகளையும் இணைத்து ஒரே மாவட்டமாக்கி, கோவையை அதன் தலைநகராக்கினார்கள். 1804 நவம்பர் 24. ஆண்டுதோறும் அந்த நாளைக் கோயம்புத்தூர் தினம் என்று இன்று கொண்டாடுகிறோம். அதற்கு எட்டு மாதம் கழித்து, 1805 ஜூலை 31 அன்று, சின்னமலையும் அவருடைய சகோதரர்களும் கருப்ப சேர்வையும் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்கள். சொந்த மண்ணில் தூக்கிலிடாமல் காவிரியைத் தாண்டிக் கொண்டுபோனதற்குக் காரணம், 1792 முதல் கும்பினியின் உறுதியான பிடியில் இருந்த மலைக்கோட்டை அது என்பதாகவே இருக்க வேண்டும். ஒன்றுபட்ட மாவட்டமும் ஒழிந்த எதிர்ப்பும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு கைகளால் நடந்தன. நான்கு மாதத்தில், நவம்பர் 30 அன்று, பழசி ராஜாவும் வீழ்ந்தார். கணவாயின் இரு பக்கமும் கும்பினிக்கு அமைதியாயிற்று. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்து திப்புவின் கொடியை ஏற்றும்வரை.

தூக்கிலிட்ட நாள் ஆடிப் பதினெட்டு. இப்போது ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வருகிறதே, ஜூலை 31 எப்படி என்று சிலர் கேட்பதுண்டு. தமிழ்ச் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்று நீளம். ஏறக்குறைய எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் விலகும். இருநூறு ஆண்டில் மூன்று நாள். ஆகவே இரண்டு தேதிகளும் ஒன்றையொன்று தாங்கிப்பிடிக்கின்றன. பேரூரில் நொய்யல் கரையில் ஏழு கல் நட்டுக் கன்னிமாரைக் கும்பிடும் அதே நாளில் சங்ககிரி மலையில் மாலைகள் குவிகின்றன.

சின்னமலையின் நினைவு அரசியலுக்குள் வந்த விதம் தனி வரலாறு. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயர் இருந்தது. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரைத் தென்மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததை ஒட்டிச் சாதி மோதல் வெடித்தது. ஒரு தலித் வீரரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மறுத்தவர்கள் இருந்தார்கள். முடிவில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. சின்னமலை பெயரும் அதோடு போனது. 2005 ஜூலை 31 அன்று, இருநூறாவது நினைவு நாளில், அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஓடாநிலையில் மணிமண்டபம் எழுந்தது. அதே காலத்தில் கொங்கு முழுவதும் சாதி அமைப்புகளின் சுவரொட்டிகளில் அவர் உருவம் பெருகியது. மொகரம் நாளைத் தேர்ந்த வளையத்தில் வைத்து வாசிக்கப்படும் மனிதர், ஒரு வாக்கு வங்கியின் அடையாளமாக ஆனார்.

இதற்கு எதிராக எழுந்த குரல்களில் முக்கியமானது பொல்லான் நினைவு. அறச்சலூரை ஒட்டிய நல்லமங்காபாளையத்தைச் சேர்ந்த அருந்ததியர் அவர். தோல் தைப்பவராகக் கும்பினி முகாமுக்குள் போய்வந்து, செருப்புக்குள் ஓலை வைத்துத் தைத்துச் சின்னமலைக்கு எச்சரிக்கை அனுப்பினார் என்பதும், அது வெளிப்பட்டதும் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதும் அந்த மக்களின் நினைவு. சிலர் இதே செருப்புக் கதையை வேறொருவர் மீது ஏற்றிச் சொல்வார்கள். ஒற்றர் வேலை இல்லாமல் ஒரு சிறிய பாளையத்தின் தலைவர் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்க முடியாது. முகாமுக்குள் சந்தேகம் எழாமல் போய்வரக்கூடியவர் கைத்தொழில் தெரிந்த, அதிகாரிகள் ஏறிட்டுப் பார்க்காத ஒரு மனிதராகத்தான் இருந்திருப்பார். அதனால் பொல்லானின் கதை எனக்கு நம்பத்தக்கதாகவே படுகிறது. ஆடி முதல் நாளில் அருந்ததிய மக்கள் நெடுங்காலம் தாங்களாகவே அஞ்சலி செலுத்திவந்தார்கள். அவர்கள் விடாமல் கேட்ட பிறகே அரசு அவருக்கு நினைவிடம் என்று அறிவித்தது. சின்னமலைக்கு விழா எடுக்கும் ஒவ்வொரு மேடையிலும் பொல்லானின் பெயரும் கருப்ப சேர்வையின் பெயரும் அவர் பெயருக்கு இணையாக ஒலிக்க வேண்டும்.

கோவை நகரத்துக்கும் ஒரு கடன் இருக்கிறது. நவம்பர் 24 நிர்வாகத்தின் நாள். கலெக்டர் கச்சேரியின் பதிவேட்டிலிருந்து வந்த நாள். 1800 ஜூன் 3 அன்று இந்த ஊருக்காக நின்று, பிறகு தூக்கிலேறிய நாற்பதுக்கும் மேற்பட்ட இந்துக்களும் முஸ்லிம்களும் எந்த விழாவிலும் இல்லை. கோட்டைமேடு என்று இன்றும் ஒரு பகுதி பெயர் தாங்கி நிற்கிறது. 1998 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே பலருக்கு வெடிகுண்டும் ஊரடங்கும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே தூக்கிலேறிய அந்த மனிதர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கும்பினியின் இராணுவ ஆலோசனைக் குறிப்புகளிலிருந்து அந்தப் பெயர்களைத் தேடி எடுக்கும் வேலையைக் கோவைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் இந்த ஆண்டே தொடங்கலாம்.